இன்னாசியின் ரத்தம்

ஜூன் 9, ஞாயிறு

வெட்கக்கேட்டை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எனக்குப் பக்கவாதம் வந்தபோது நான் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க மீசை முடிந்து இடப்பக்கத்துக்குப் பிரஷைக் கொண்டுபோகிற நேரம். கிண்ணம் பிடித்திருந்த இடது கை என்னைக் கேட்காமலே கீழே இறங்கிவிட்டது. மை வாஷ்பேசினில். நான் தரையில்.

அவசரப் பிரிவிலிருந்த இளம் டாக்டருக்கு முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் தும்பைப் பூ. திகைத்துப்போய் நின்றார். என் மனைவி செலின், "மீசைய விட்டுட்டு வாயப் பாருங்க டாக்டர். அவரு மீசை எப்பவுமே பொய்தான்" என்றாள். அதற்குப் பிறகு வார்டிலிருந்த நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நோயைப் பார்க்க அல்ல.

இன்று வீடு திரும்பினேன். இடது கையும் காலும் அரைச் சம்பளத்தில் வேலை செய்கின்றன. வாய் இடப்பக்கம் குழறுகிறது. வாரநாளில் தோல் ஆலைகளுக்கு ரசாயனம் விற்பவன், வார இறுதியில் பட்டிமன்ற மேடைகளில் 'நகைச்சுவைச் செம்மல்' சந்தியாகு. திண்டுக்கல்லைச் சுற்றி நான் சிரிக்க வைக்காத கல்யாண மண்டபம் கிடையாது. அப்படிப்பட்டவன் இனி வாயால் புறணி பேச முடியாது. வலது கை நன்றாக இருக்கிறது. ஆகவே கையால் பேசுகிறேன்.

ஜூன் 12, புதன்

இன்னாசி வந்தான். என் சகலை. செலினின் தங்கை ரீத்தாவைக் கட்டியவன். இந்தக் குடும்பத்தின் அருமை மருமகன். மாமியார் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தலை அவன் தட்டில் விழும், மூத்த மருமகனான எனக்கு வால் துண்டு. கேட்டால், "உங்களுக்கு முள்ளு பாத்துத் திங்கத் தெரியாதுங்க" என்பாள் செலின். எனக்கா? ஊரில் எவன் வீட்டில் என்ன முள் இருக்கிறதென்று பார்த்தே பிழைத்தவன் நான்.

கட்டிலோரம் உட்கார்ந்து என் இடது கையைத் தடவிக்கொடுத்தான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு.

"அண்ணே, ஜெனிட்டாவுக்கு ஆகஸ்ட் பதினெட்டு நிச்சயம் வச்சிருக்கு. வரவேற்புரை நீங்கதான் பேசணும்னு இருந்தோம். இப்ப... சிரமப்படாதீங்கண்ணே. நானே ரெண்டு வார்த்தை பேசிடுறேன்."

மகள் நிச்சயத்தில் இவன் பேசுவான்! கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால் முற்றுப்புள்ளியையும் சேர்த்து வாசிக்கிறவன். என் மைக்கை என் கட்டிலில் உட்கார்ந்தே எடுத்துக்கொண்டு போனான். போகும்போது வாசலில் செலினிடம், "அண்ணன் மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று வேறு கேட்டான்.

ஜூன் 14, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், 'ர' வருகிற சொற்களைத் தினமும் சொல்லிப் பழகச் சொன்னாள். 'துரோகி' என்று தொடங்கியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

நரம்பியல் டாக்டர் யாழினியிடம் போனோம். மகள் வயது இருக்கும். சிரிக்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர் போல இருக்கிறார். என்னுடைய சிறந்த நகைச்சுவைகள் இரண்டைக் குழறலோடு சொல்லிப் பார்த்தேன். "நாக்க நீட்டுங்க" என்றார்.

"பிரஷர் மாத்திரை ரெகுலரா எடுத்தீங்களா?"

"எடுத்தேன்" என்றேன். செலின் ஜன்னலைப் பார்த்தாள். என் பதிலில் கொஞ்சம் சுருக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த மாத்திரை போட்டால் பட்டிமன்றத்தின் நடுவில் சிறுநீருக்கு எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. எதிரணிக்காரன் மைக்கில், "பதில் சொல்ல முடியாம சந்தியாகு எந்திரிச்சு ஓடுறாரு பாருங்க" என்றான். அதற்கப்புறம் மேடையுள்ள நாளில் போடுவதில்லை. மேடையில்லாத நாளில் மறந்துவிடும். இதெல்லாம் டாக்டருக்கு எதற்கு?

பிறகு ஈ.சி.ஜி.யை விரித்து விரலால் கோடு பிடித்துப் பார்த்தார். "இதயத்துல மின்சாரம் போற பாதையில ஒரு பக்கம் தடை இருக்கு. பல பேருக்கு இருக்கும், ஒண்ணுமில்லாமலும் இருக்கும். நீங்க வெளிநாட்டுல வேலை பாத்திருக்கீங்களா? தென் அமெரிக்கா மாதிரி?"

எனக்கு நெஞ்சு விம்மியது. யாருமே கேட்பதில்லை. "பொலிவியா" என்றேன். பொலிவியா என்று குழறாமல் சொல்ல முடிகிறது. அதில் 'ர' இல்லை.

டாக்டர் சொன்னது: அந்தப் பக்கத்து நாடுகளில் சாகஸ் என்று ஒரு நோய். மண் சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் பூச்சி, இரவில் வந்து தூங்குகிறவர்களின் முகத்தில் கடித்து ரத்தம் குடிக்கும். அதன் கழிவில் உள்ள கிருமி, கடித்த இடம் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும். வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கும். பிறகு சிலருக்கு இதயத்தைக் கெடுக்கும். இதயத்தின் நுனி பலூன் மாதிரி புடைத்து, ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். "சில பேருக்கு இந்த நோய் இருக்குங்கறதே ஸ்ட்ரோக் வந்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு பிரஷர்தான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் பாத்துடலாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் சரியாகக் கேட்கவில்லை. மண் சுவர் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

கோச்சபம்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தோல் ஆலைக்கு நானும் இன்னாசியும் டெக்னீஷியன்களாகப் போனோம். எனக்குக் கல்யாணமான புதிது. திரும்பி வந்ததும் அவனுக்கு ரீத்தாவைப் பேசியதே நான்தான். அந்த ஊரில் என் பெயருக்கு இருந்த மரியாதை இங்கே கிடைத்ததில்லை. 'செனோர் சந்தியாகோ!' காலையில் அறையிலிருந்த பெரிய கண்ணாடி முன்னால் நின்று, மீசைக்கு மை போட்டு முறுக்கிவிட்டு, எனக்கு நானே அப்படி வணக்கம் சொல்லிக்கொள்வேன். ஆமாம், அப்போதே நரைத்துவிட்டது. எங்கள் குடும்ப வாகு.

ஆலை கொடுத்த வீட்டில் இரண்டு அறை. முன்னறை சிமெண்ட். பின்னறை பச்சை மண் கல், வைக்கோல் கூரை, சுவரெல்லாம் வெடிப்பு. இன்னாசி எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்து முன்னறையில் பெட்டியை வைத்துவிட்டான். "அண்ணே, பின்னால குளுகுளுன்னு இருக்கும், நீங்க எடுத்துக்கோங்க" என்றான். குளுகுளு! முப்பது வருடம் கழித்து இப்போது என் இடது கை குளுகுளுவென்று இருக்கிறது.

நினைத்துப் பார்த்தேன். ஆத்திரத்தில் வாய் நேராகிவிட்டது என்றாள் செலின்.

ஜூன் 23, ஞாயிறு

திட்டம் தயார். எந்தப் பட்டிமன்றத்துக்கும் தீர்ப்பு வேண்டும். என் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். எனக்கு இருக்கும், அவனுக்கு இருக்காது. மண் அறையில் படுத்தவன் எவன், சிமெண்ட் அறையில் சொகுசாகக் கிடந்தவன் எவன் என்பதற்கு அதைவிட சாட்சி உண்டா? நிச்சயதார்த்தத்தன்று வரவேற்புரை முடிந்ததும் மைக்கை வாங்குவேன். குழறினாலும் பரவாயில்லை. சம்பந்தி வீட்டார், பங்குத் தந்தை, மொத்தச் சனமும் கேட்கும். "என் சகலை எனக்குச் செய்த சீர் இதோ" என்று என் இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டுவேன். நகைச்சுவை அல்ல. ஆனால் நேரம் தெரிந்து சொன்னால் எதுவும் எடுபடும்.

மதியம் கருவாட்டுத் தொக்கு. கொஞ்சம்தான்.

ஜூன் 27, வியாழன்

இன்னாசியைக் கூப்பிட்டு, அக்கறையாகப் பேசினேன். அக்கறைக்கு எனக்கு நல்ல வாய் கோணல் இருக்கிறது இப்போது.

"ஒரே வீட்டுலதான ரெண்டு பேரும் கிடந்தோம். அந்தப் பூச்சி நோய் எனக்கு இருந்தா உனக்கும் இருக்கலாம். ஒரு ரத்தம் குடுத்துப் பாத்துடு."

அவன் முகம் வெளுத்தது. எனக்கு இது தெரியும். இன்னாசிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். ஜெனிட்டா பிறந்தபோது ரீத்தாவுக்கு ஊசி போட்டதைப் பார்த்து இவன் மயங்கி விழுந்து, பிரசவ வார்டில் ஆண் ஒருவனுக்குக் கட்டில் போட்டார்கள். அந்தக் கதையை நான் மேடையில் சொல்லாத மாவட்டம் இல்லை.

"ஊசி வேணாம்ணே. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. மாடி ஏறுனா கொஞ்சம் படபடங்கும், அவ்வளவுதான்."

"எனக்காகக்கூடச் செய்ய மாட்டியா?"

மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "சரிண்ணே. நீங்க கூட வந்தா குடுக்கறேன்."

சிக்கினான்.

ஜூலை 1, திங்கள்

ஆய்வகத்தில் இன்று ஆனந்தம். ஊசியைப் பார்த்ததும் இன்னாசி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "கண்ண மூடிக்கடா" என்றேன். மூடிக்கொண்டு கையை நீட்டித் தடவினான். என் இடது கைதான் பக்கத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டான். உணர்ச்சியே இல்லை என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் கை அது. அவன் பிடித்தது தெரிந்தது. எரிச்சலாக இருந்தது.

இந்தச் சோதனை இங்கே செய்வதில்லையாம். இரண்டு பேர் ரத்தத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்பி, இரண்டு விதமாகப் பார்த்து உறுதி செய்து வர வாரக்கணக்காகும். வரட்டும். பழியும் மீன் குழம்பு மாதிரி, ஆறப்போட்டால்தான் ருசி.

ஜூலை 6, சனி

ஊர் முழுக்க விதைத்துவிட்டேன். வாய் குழறுவதால் கேட்கிறவர்கள் காதைக் கிட்டக் கொண்டுவருகிறார்கள். புறணிக்கு இது மிகவும் வசதி. தோல் ஆலைக் கணக்கர், கோயில் உபதேசியார், முடிவெட்டும் பாக்கியம் மூவரிடமும், "எல்லாம் ஒரு ஆள் குடுத்த அறையால வந்தது. பேரு சொல்ல மாட்டேன். என் சகலை" என்று சொல்லியிருக்கிறேன்.

பாக்கியம் மீசைக்கு மை அடிக்கட்டுமா என்றான். அடித்தான். இரண்டு பக்கமும்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் யாழினி அந்தப் பூச்சியின் படத்தைக் காட்டினார். நம்ம ஊர் மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா மாதிரி. அங்கே வின்சூக்கா என்பார்களாம். ஆங்கிலத்தில் முத்தப் பூச்சி என்று பெயராம், உதட்டுப் பக்கம் கடிப்பதால். "அப்ப என் மீசை அழகுல மயங்கின ஒரே ஜீவன் அதுதான் டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டார்! லேசாகத்தான். ஆனால் பல் தெரிந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஜூலை 25, வியாழன்

சந்தியாகப்பர் திருநாள். என் பெயர் விழா. இன்னாசி கேக் வாங்கி வந்தான். படியேறி வந்தவன் மூச்சு வாங்க உட்கார்ந்தான். "ஒடம்பு போடுதுடா, கேக்க நீ திங்காத" என்றேன். சிரித்தான். உதடு நீலமாக இருந்ததாகச் செலின் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் கேக்கைப் பார்த்தேன்.

வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைக்க என் பழைய உருப்படியை எடுத்து விட்டேன்: பொலிவியாவில் ஒரு நாள் காலை இன்னாசி ஒற்றைக் கண் பணியாரம் போல வீங்கி வந்து நின்றதும், ஆலை முதலாளி 'கண்ணடிக்கிறான்' என்று கோபித்ததும். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நடித்துக் காட்டினேன். இப்போது முகமே பாதி இழுத்திருப்பதால் நடிப்பு அபாரமாக வந்தது. எல்லாரையும் விட இன்னாசிதான் அதிகமாகச் சிரித்தான். அவனுக்கு ரோஷமே கிடையாது. ரோஷம் இல்லாதவனைப் பழிவாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 31, புதன்

இன்னாசியார் திருநாள். போகவில்லை. கால் வலி என்று சொல்லியனுப்பினேன். மேடை உரையைத் திருத்தினேன். 'துரோகி' இப்போது தெளிவாக வருகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது.

இரண்டு குடும்பமும் டாக்டர் அறையில். நான் நல்ல சட்டை போட்டுப் போயிருந்தேன்.

"சந்தியாகு சார், உங்களுக்கு நெகட்டிவ். சாகஸ் இல்ல. உங்க ஸ்ட்ரோக் பிரஷர்னால வந்தது."

பிரஷர்! எனக்கு வந்தது பொலிவியாச் சரக்குகூட இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் பாதிப் பேருக்கு வருகிற உள்ளூர்ச் சரக்கு. மானம் போனது. "இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றேன். செலின் என் காலை மிதித்தாள், உணர்ச்சி உள்ள காலை.

டாக்டர் இன்னாசி பக்கம் திரும்பினார். குரல் மாறியது.

"உங்களுக்கு இருக்கு. ரெண்டு டெஸ்ட்லயும். பொலிவியாவுல இருந்தப்ப எப்பவாவது ஒரு கண் மட்டும் வீங்குச்சா?"

 எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கதையை எல்லாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

உடனே எக்கோ எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் ரீத்தா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டிமன்றத்துக்காரன், எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவன், ஒரு வார்த்தை வரவில்லை. 'ர' இல்லாத வார்த்தைகூட.

இதயத்தின் நுனி புடைத்திருக்கிறது. உள்ளே ரத்தக் கட்டி இருக்கிறது. "எப்ப வேணா கிளம்பி மூளைக்குப் போயிருக்கும். இவருக்கு வந்த மாதிரி சின்னதா இருந்திருக்காது" என்றார் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இன்றே. படுக்கை. கிருமிக்கான மருந்து இந்த வயதில், இந்த இதயத்துக்கு எவ்வளவு பயன்படும் என்று அந்த ஊர் டாக்டர்களைக் கேட்டு முடிவு செய்வாராம்.

ரீத்தா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அத்தான், நீங்க கட்டாயப்படுத்தலேன்னா அவரு ஊசிக்குக் கைய நீட்டியிருக்கவே மாட்டாரு."

ஆகஸ்ட் 7, புதன்

பிரஷர் மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இன்னாசிக்குத் தினம் ரத்தம் எடுக்கிறார்கள், மருந்தின் அளவு பார்க்க. ஒவ்வொரு தடவையும் என் இடது கைதான். நாளையும் வரச் சொன்னான். பழிவாங்கப் போனவனைக் கைப்பிடியாக்கிவிட்டான்.

நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று பேச்சு வந்தது. இன்னாசி ஒத்துக்கொள்ளவில்லை. "நாற்காலில உக்காந்துக்கிட்டாவது வருவேன்" என்றான்.

வெளியே வந்தால் ஊரே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. பாக்கியம் சொல்கிறான்: "சகலைக்கு என்னமோ இருக்குன்னு அப்பவே சொன்னீங்கல்லண்ணே! பேரு சொல்ல மாட்டேன்னீங்க. பெரிய மனசு." நான் விதைத்த புறணி மொத்தமும் எனக்கே பூமாலையாக முளைத்திருக்கிறது. இதைவிடக் கேவலமான அறுவடை உண்டா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிச்சயதார்த்தம். டாக்டர் இரண்டு மணி நேர அனுமதி கொடுத்ததோடு கூடவே வந்திருந்தார். இன்னாசி சக்கர நாற்காலியில் இருந்தபடி வரவேற்புரையைத் தொடங்கினான். முற்றுப்புள்ளியையும் சேர்த்து வாசித்தான். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "இன்னைக்கி நான் எம்புள்ளைய ஒக்காந்து பாக்கறேன்னா அது எங்கண்ணன் சந்தியாகுனால" என்றான். அழுதான். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் வாழ்க்கையில் நானே வாங்கிக் கொடுக்காத முதல் பொன்னாடை.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் ஆசைப்பட்ட அதே மைக். சட்டைப் பையில் என் உரை இருந்தது. சபை காத்திருந்தது. வாயைத் திறந்தேன்.

"இன்னாசி... ஒரு கண்ண மூடிக்கிட்டு... எல்லாரையும் பாத்து..." என்று தொடங்கினேன், அந்தப் பழைய உருப்படியை. எப்போதும் சிரிக்கிற இடம் அது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ரீத்தா அழுதாள், சம்பந்தியம்மா அழுதாள், டாக்டர் யாழினிகூடக் கண்ணாடியைக் கழற்றினார். நகைச்சுவைச் செம்மலுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. "நல்லா இருடா" என்று முடித்துக்கொண்டேன். 'ர' சுத்தமாக வந்தது.

அவன் என்னைத் தோற்கடித்துவிட்டான். பார்த்துக்கொள்கிறேன். உடம்பு தேறட்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்னாசி வீட்டில் விருந்து. நேற்றுத்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்கோவில் கட்டி கரைய ஆரம்பித்திருக்கிறதாம். விரால் மீன் குழம்பு. உப்புக் குறைத்து வைத்திருந்தாள் ரீத்தா, எனக்காக. தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள். "அண்ணனுக்குத்தான்" என்றான் இன்னாசி. சாப்பிட்டேன். முள் பார்த்துத்தான் சாப்பிட்டேன், இரண்டு தடவை தொண்டையில் மாட்டியது.

கை கழுவிவிட்டு, விட்டகுறை இருக்கக் கூடாதென்று கேட்டேவிட்டேன். "ஏண்டா, மண் ரூம்ல படுத்தவன் நானு. பூச்சி உன்ன எப்படிக் கடிச்சுச்சு?"

இன்னாசி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, என்னவோ மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்: "நீங்க அங்க ஒரு வாரந்தாண்ணே படுத்தீங்க. முன் ரூம்லதான கண்ணாடி இருந்துச்சு. மீசைக்கு மை அடிக்க வசதியா இருக்கும்னு மாத்திக்கிட்டீங்க."

பின்னறையில் கண்ணாடி கிடையாது.